ஏழு வீடு என்றால் ஏழு வீடுதான்

கேமரன் மலையில் பிரிஞ்சாங், திரிங்காப் எல்லாம் தாண்டி, கம்போங் ராஜாவுக்குப் போகிற வழியில் இருக்கிறது கோலா தெர்லா. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். 1960-களில் கட்டி முடித்த நீர்மின் திட்டத்தின் சின்ன மின்நிலையம் ஒன்றும் இங்கே உண்டு. பெரட்டுக் களத்தில் நம்மவர்கள் வரிசையாய் நின்ற காலம் மாறிவிட்டது. இன்று இந்த மலையில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். என்றாலும் கொழுந்து பறித்த கைகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள்.

சென்ற ஆண்டு, மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, ஒரு வேலையாக அந்தப் பக்கம் போயிருந்தோம். தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு தங்கச்சி வந்து வணக்கம் சொன்னார். தாயார் கொழுந்துக்காரர், இவர் காய்கறி கட்டும் கொட்டகையில் வேலை. நமது பகுதியைத் தவறாமல் படிப்பவராம். தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, வர்ற ஞாயித்துக்கிழமை கோயில் மண்டபத்துல கூட்டம். பெரிய அதிகாரி ஒருத்தரு வர்றாரு. எங்க வரிசை வீட்டுக்குப் பின்னால மண்ணு சரியுது. குசினிச் சுவரெல்லாம் வெடிப்பு விட்டுருச்சு. என்னையப் பேசச் சொல்றாங்க. அஞ்சாம் பாரம் வரைக்கும் படிச்சவன்னு நம்மளப் பிடிச்சுப் போட்டுட்டாங்க. வீட்டுல நான் நல்லாத்தான் பேசுவேன். நாலு பேரு முன்னால நின்னா நாக்கு மேல ஒட்டிக்குது."

அதோடு நின்றிருந்தால் நாமும் ஏதோ ஒப்புக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருப்போம். அடுத்து அவர் கேட்டதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

"வெடிப்பு விட்டது ஏழு, எட்டு வீடுதாண்ணே. ஐம்பது வீடுன்னு சொல்லு, அப்பத்தான் அதிகாரி அசைவாருன்னு சொல்றாங்க. சொல்லலாமாண்ணே?"

நாம் அன்று பஸ் ஏறவில்லை.

பேச இடம் கிடைத்த கதை

நம்மவர்களில் பலருக்கு மேடைப் பேச்சு என்றால் அது அரசியல்வாதிக்கும் வாத்தியாருக்கும் உரியது என்ற நினைப்பு. கூட்டத்தில் நின்று பேசும் உரிமை நமக்குச் சும்மா வந்ததில்லை. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டப் பாட்டாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சம்பளத்தைக் கூட்டு என்பது மட்டுமல்ல. கள்ளுக் கடையை மூடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லாதே என்றெல்லாம் இருக்கிறது. அந்தப் பட்டியலிலேயே பேசவும் கூட்டம் கூடவும் சுதந்திரம் வேண்டும் என்பதும், குறையை எடுத்துச் சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது என்பதும் உண்டு. அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் ஒரு பத்திரிகைக்காரர், 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் வேலை பார்த்தவர். அந்த மே மாதத்தில் அவரைக் கைது செய்து பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர்களும் போயின. மண்டபத்தில் மைக்கைக் கொடுத்தால் "வேணாம் வேணாம், அவரு பேசட்டும்" என்று பின்னால் நகரும்போது இது நமக்கு நினைவுக்கு வருவதில்லை.

தேயிலைக்கென்று இன்னொரு கதை உண்டு, அது இலங்கை மலையகத்தில் நடந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போன கோ. நடேசய்யர் என்பவர் தோட்டத் தொழிலாளர்களைப் பார்த்துப் பேச விரும்பினார். வெளியார் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலம் அது. என்ன செய்தார்? புடவை மூட்டையைத் தூக்கிக்கொண்டு துணி வியாபாரியாக லயத்துக்குள் போனார். முதலில் பேசவில்லை, கேட்டார், பார்த்தார். என்ன சம்பளம், எவ்வளவு கடன், எந்தச் சுவர் ஒழுகுகிறது என்பதையெல்லாம் கண்ணால் கண்ட பிறகே வாய் திறந்தார். 1931-இல் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்தார். 1936-இலிருந்து ஹட்டன் தொகுதியின் உறுப்பினராக அரசாங்க சபையில் உட்கார்ந்தார். தொழிலாளர் சட்டத்தை எளிய தமிழில் புத்தகமாகவும் எழுதிக் கொடுத்தார்.

அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் பல கூட்டங்களில் முதலில் எழுந்து பாடுவாராம். தொழிலாளர் படும் பாட்டைத் தாமே பாட்டாகக் கட்டிப் பாடுவார், ஜனம் கூடும், பிறகு அய்யர் பேசுவார். பொம்பளை மேடை ஏறுவதா என்று ஊரே முகம் சுளித்த காலத்தில் இது நடந்தது. இதைச் சொன்னபோது நமது தங்கச்சி, "அந்த அம்மாவுக்குக் கை நடுங்கலையாண்ணே?" என்று கேட்டார். நடுங்கியிருக்கும் அம்மா. யாருக்குத்தான் நடுங்கவில்லை?

நடுக்கம் ஒரு நோயல்ல

காந்தியடிகள் லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது சைவ உணவுக்காரர்கள் கூட்டத்துக்கு எழுதி எடுத்துப்போன பேச்சைக்கூடப் படிக்க முடியாமல் வேறொருவர் படிக்க வேண்டியதாயிற்று. பம்பாய்க்குத் திரும்பி வழக்கறிஞராக எடுத்த முதல் வழக்கில் எழுந்து நின்றார். தலை சுற்றியது, ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். 30 ரூபாய் வழக்குக் கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். இதை அவரே தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்தக் கூச்சம் தமக்குச் சொல்லைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்றுக் கொடுத்தது என்றும் சொல்கிறார்.

ஆகவே நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது என்றால் பயப்பட வேண்டாம். ஓடுவதற்கு முன் உடம்பு முறுக்கேறுவது போலத்தான் அதுவும். எழுந்ததும் பேச ஆரம்பிக்காதீர்கள். இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்றி நின்று, மூச்சை ஒருமுறை மெதுவாக இழுத்து விடுங்கள். கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றைப் பாருங்கள், அந்த முகத்தோடு முதல் வாக்கியத்தைப் பேசுங்கள். இரண்டாவது வாக்கியத்துக்கு வேறொரு முகம். முதல் அரை நிமிடம் ஓடிவிட்டால் பாதிக் கஷ்டம் போயிற்று. அதனால் முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்து வையுங்கள். மற்றதை மனப்பாடம் செய்யவே கூடாது. நடுவில் ஒரு சொல் மறந்தால் அடுத்ததெல்லாம் சேர்ந்து மறந்துபோகும்.

தங்கச்சிக்கு நாம் சொன்ன பயிற்சி இதுதான். சமைக்கும்போது சட்டியைப் பார்த்துப் பேசு. பிறகு பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசு. பிள்ளைகள் எந்த இடத்தில் விளையாடப் போகிறார்களோ அந்த இடத்தில் பேச்சு நீளம் என்று அர்த்தம், அதை வெட்டிவிடு.

நமது மேடைகளில் இன்னொரு வியாதி உண்டு. "மாண்புமிகு தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே" என்று ஆரம்பித்துத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தவர் வரை விளித்து முடிப்பதற்குள் கூட்டத்தில் பாதிப் பேர் வெளியே போய்ச் சுருட்டுப் பற்றவைத்துவிடுவார்கள். "சபைக்கு வணக்கம்" என்றால் போதாதா? அப்புறம் இந்த அடுக்குமொழி. அறிஞர் அண்ணா பேசினார், அவர் வாயில் அது அழகாக இருந்தது. அதைப் பார்த்து நாம் எல்லாரும் மோனையும் எதுகையுமாகக் கட்டி ஆட ஆரம்பித்தோம். இதை எழுதுகிறவர்களும் இளவயதில் அந்தக் கூத்து ஆடியவர்கள்தான். 1929 டிசம்பரில் மலாயா வந்த பெரியாரோ வீட்டுத் திண்ணையில் பேசுகிற தமிழிலேயே மணிக்கணக்கில் பேசுகிறவர். அடுக்கே இல்லாவிட்டாலும் ஜனம் எழுந்து போகவில்லை. சொல்ல விஷயம் இருந்தால் நமது வாய்க்கு வருகிற பேச்சே போதும்.

மைக்கு பற்றியும் ஒரு வார்த்தை. அதைத் தட்டாதீர்கள், ஊதாதீர்கள், "ஹலோ, ஹலோ" சொல்லாதீர்கள். வாய்க்கு ஒரு சாண் தள்ளி வைத்து, வழக்கமாகப் பேசுவதைவிடச் சற்று மெதுவாகப் பேசினால் கடைசி வரிசை ஆத்தாவுக்கும் கேட்கும்.

வருகிற அதிகாரிக்குத் தமிழ் தெரியாது என்றால்? தங்கச்சிக்கு அதுவும் ஒரு பயம். "என் மலாய் இலக்கணமெல்லாம் சரியா இருக்காதுண்ணே." இலக்கணம் யாருக்கு வேண்டும்? 'டிண்டிங் ரெத்தாக்', சுவர் வெடித்திருக்கிறது. 'துஜோ புவா ரூமா', ஏழு வீடு. முக்கியமான நாலு வாக்கியத்தை மலாயில் சொல்லிவிட்டு மற்றதைத் தமிழில் பேசலாம். பக்கத்தில் ஒருவர் பெயர்த்துச் சொல்லட்டும். தமிழில் பேசினால்தான் நமது ஜனங்களும் தங்கள் பெயரில் என்ன பேசப்படுகிறது என்று தெரிந்துகொள்ள முடியும்.

நாம் செய்த பாவம்

இனி அந்த ஐம்பது வீட்டுக் கணக்குக்கு வருவோம். அதற்கு முன் நமது கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறோம்.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு ரப்பர் தோட்டத்தில் கோயில் பொதுக்கூட்டம். இளவட்டம் நாங்கள், பேசத் தெரியும் என்ற திமிர். திருவிழாக் கணக்கில் 180 வெள்ளிக்குப் பற்றுச்சீட்டு இல்லை. கணக்கை இன்னொரு தரம் பார்க்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எழுந்து நின்று, "ஆத்தா உண்டியலில் கை வைத்த கை எந்தக் கை?" என்று முழங்கினோம். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பொருளாளர் வயசாளி. எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார், வாய் குழறியது. அவருக்குப் பேச வராது, நமக்கு வரும். அவ்வளவுதான் வித்தியாசம். கூட்டம் அவரைக் கள்ளன் என்று முடிவு செய்துவிட்டது.

மூன்று வாரம் கழித்துப் பற்றுச்சீட்டு கிடைத்தது. தகரம் வாங்கிய சீட்டு, வேறொரு கட்டுக்குள் செருகிக் கிடந்தது. ஒரு காசு குறையவில்லை.

ராத்திரி அவர் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. "தம்பி, மண்டபத்துல மைக்கு வச்சு ஏசுனே. மன்னிப்ப மட்டும் திண்ணையில வந்து ரகசியமாச் சொல்றியே?" என்றார்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து சொல்லலாம் என்றிருந்தோம். அதற்குள் அவர் மகன் வீட்டோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். கூட்டத்தில் சொன்னோம்தான். கேட்க வேண்டியவர் அங்கே இல்லை, கைதட்டியவர்களில் பாதிப் பேரும் இல்லை.

நாட்டுச் சட்டமும் இதைச் சும்மா விடுவதில்லை. ஒருவர் பெயரைக் கெடுக்கிற பேச்சுக்குக் குற்றவியல் சட்டத்தின் 499, 500-ஆம் பிரிவுகளில் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. அந்த வயசாளி வாய் குழறி நின்ற நிற்பு இன்னும் கண்ணில் நிற்கிறது, அதனால் சொல்கிறோம்.

திருக்குறளில் 'அவையறிதல்', 'அவையஞ்சாமை' என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் இருப்பது பலருக்குத் தெரியும். எது முந்தியது என்று கவனித்ததுண்டா? சபையை அறிவது 72, சபைக்கு அஞ்சாமல் இருப்பது 73. நாம் அன்று 73-ஐ மட்டும் படித்திருந்தோம் போலும்.

எண்ணிப் பார்த்த சனிக்கிழமை

"ஐம்பதுன்னு சொன்னா அதிகாரி என்னம்மா செய்வார்? வாங்க பார்க்கலாம்னு எழுந்து வருவார். வந்து எண்ணுவார். ஏழு இருக்கும். அப்புறம் அந்த ஏழையும் நம்ப மாட்டார். இந்தக் கூட்டத்தோட போகாது, அடுத்த தடவை நீ என்ன சொன்னாலும் பத்தால் வகுத்துத்தான் கேட்பார்" என்றோம்.

தங்கச்சி யோசித்தார். "ஏழு சின்னக் கணக்கா இருக்கேண்ணே."

சின்னக் கணக்கா? 2013 அக்டோபரில் இதே கேமரன் மலையில், பெர்த்தாம் பள்ளத்தாக்கில், கடும் மழையில் அணைத் தண்ணீர் திறந்துவிடப்பட்டு வெள்ளம் வந்து உயிர்களைக் கொண்டுபோனதை இந்த மலையில் யாரும் மறக்கவில்லை. ஏழு வீட்டில் எத்தனை பிள்ளைகள் படுத்துத் தூங்குகிறார்கள் என்று எண்ணிச் சொன்னால் அது சின்னக் கணக்காகவா இருக்கும்?

சனிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் தங்கச்சி ஒரு பள்ளிக்கூட நோட்டும், தையல் நாடாவும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். நாமும் கூடப் போனோம். வீட்டு எண், வெடிப்பு எந்தச் சுவரில், எவ்வளவு நீளம், முதலில் எப்போது கண்ணில் பட்டது, வீட்டில் எத்தனை பேர். தெரியாததைத் தெரியாது என்றே எழுதினார். ஒரு வீட்டில் வெடிப்பு போன மழைக்கு வந்ததா, அதற்கும் முந்தியதா என்பதில் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் சண்டையே வந்துவிட்டது. அங்கே 'தேதி நிச்சயமில்லை' என்று எழுதச் சொன்னோம்.

ஒவ்வொரு வீட்டிலும் கடைசியாக ஒரு கேள்வி: "உங்க வீட்டைப் பத்திச் சபையில சொல்லலாமா?" பலர் இதைக் கேட்பதே இல்லை. நல்லதற்குத்தானே சொல்கிறோம் என்று அடுத்தவர் வீட்டுக் கதையைத் தூக்கி மேடையில் போட்டுவிடுகிறோம். அது அவர்களுடைய சுவர், அவர்களுடைய மானம்.

எட்டாவது வீட்டில் ஒரு தாத்தா, மனைவியை இழந்தவர், தனிக்கட்டை. அவர் வீட்டு வெடிப்புதான் இருப்பதிலேயே பெரிசு, கை நுழையும். "வேணாம் தாயீ. வீட்டை விட்டுக் கிளம்புன்னு சொல்லிட்டா நான் எங்க போவேன்? என் பேரைச் சொல்லாதே" என்று கும்பிட்டார்.

வெளியே வந்ததும் தங்கச்சி கேட்டார்: "பேரைச் சொல்லாம எட்டுன்னு மட்டும் சொல்லிடலாமாண்ணே?" அதிகாரி எட்டாவது எது என்று கேட்டால்? எல்லார் கண்ணும் தாத்தா பக்கம் திரும்பும். நோட்டில் அந்தப் பக்கத்தை அவரே மடித்து வைத்துவிட்டார். பிறகு, "தாத்தாவத் தனியாப் போய் நான் பார்த்துக்கறேன். மழைக்கு எங்க வீட்டுல வந்து படுக்கட்டும்" என்றார். அது நமக்குத் தோன்றாத யோசனை.

ஞாயிற்றுக்கிழமை

மண்டபம் நிறைந்துவிட்டது. முதலில் பேசிய ஒருவர் இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். சங்க காலத்தில் ஆரம்பித்தார். வரிசை வீட்டுக்கு வந்து சேரவே இல்லை. அதிகாரி கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கச்சி எழுந்தார். நோட்டுப் பிடித்த கை ஆடுவது நமக்குத் தெரிந்தது. நின்றார். மூச்சு விட்டார். "சபைக்கு வணக்கம். நான் பேச்சாளி இல்லை. வரிசை வீட்டுல குடியிருக்கேன்" என்றார். குரல் கம்மியது. மூன்றாவது வாக்கியத்தில் சரியாகிவிட்டது. ஏழு வீடு, ஒவ்வொன்றின் எண், வெடிப்பின் நீளம், ஏழு வீட்டிலும் சேர்த்துப் பன்னிரண்டு வயதுக்குக் கீழே பதினோரு பிள்ளைகள். பின்னால் இருக்கும் கால்வாய் அடைத்துக்கொண்டிருக்கிறது, அதை மழைக்கு முன் தோண்ட வேண்டும், சரிவை விஷயம் தெரிந்தவர் வந்து பார்க்க வேண்டும். இரண்டே கோரிக்கை. யாரையும் ஏசவில்லை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதிகாரி கேட்டார்: "யார் மண்ணை வெட்டியதால் சரிகிறது?"

நாம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டோம். மேலே காய்கறித் தோட்டக்காரர் ஒருவர் மேல் ஊருக்கெல்லாம் சந்தேகம். ஒரு பெயரைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம்.

"அது எனக்குத் தெரியாது துவான். நான் பார்க்கலை. நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்றார்.

பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். அதிகாரி கைத்தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டார். நோட்டை வாங்கிப் பார்த்தார். "இப்போதே போகலாமா?" என்றார்.

பனி இறங்கிவிட்டிருந்தது. ஆளுக்கொரு டார்ச் லைட்டோடு ஒரு கூட்டம் வரிசை வீட்டுப் பக்கம் நடந்தது. முதல் வீடு, இரண்டாவது வீடு என்று பார்த்து, நோட்டில் உள்ளதைச் சரிபார்த்துக்கொண்டே வந்தார்கள். ஏழும் சரியாக இருந்தது. கால்வாயை அந்த மாதமே தோண்டினார்கள். சரிவுக்குத் தடுப்புச் சுவர் கேட்டுப் போன மனு இந்தக் கட்டுரை எழுதும் வரை மேசையில்தான் இருக்கிறது. தங்கச்சி விடாமல் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்று ராத்திரி ஏழாவது வீட்டைப் பார்த்துவிட்டு எல்லாரும் திரும்பும்போது, அடுத்த வீட்டு வாசலில் தாத்தா தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை, நோட்டையும் திறக்கவில்லை. தாத்தாதான் அதிகாரியைப் பார்த்து, "துவான், இதையும் ஒரு பார்வை பார்த்துட்டுப் போங்க" என்றார்.